குளுவாங் அத்தையின் ஈர்ப்பு விசை

விண்மீன் மண்டலங்கள் ஏன் இவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்பது பற்றி உலகத்து விஞ்ஞானிகள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்களாம். போன வாரம் பத்திரிகையில் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்கிறது ஒரு கூட்டம். அப்படி ஒன்றும் கிடையாது, பழைய ஈர்ப்பு விதியைக் கொஞ்சம் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது இன்னொரு கூட்டம். பாவம், அவர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்தப் பிரச்சினையை அறுபதுகளின் தொடக்கத்திலேயே, சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மளிகைக் கடையின் மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் தீர்த்து வைத்துவிட்டோம். தீர்ப்பு வந்த பிறகுதான் வடையே கொடுத்தார்கள்.

அதில் வென்றவன் நான். பொன்னாடை போர்த்தி, ஓர் எவர்சில்வர் தூக்கும் கொடுத்தார்கள். தூக்கு இன்றும் வீட்டில் இருக்கிறது, மூடிதான் எங்கேயோ போய்விட்டது.

அப்போது நான் ஓர் ஆங்கிலப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தில் இயற்பியல் படித்த ஒரே ஆளும் நான்தான். இதனால் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஒலிபெருக்கி கீச்சிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். மின்விசிறி நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு முறை குழாயில் தண்ணீர் வராததற்கும் கூப்பிட்டார்கள்.

சங்கத்தில் ஆண்டுவிழா என்றால் பட்டிமன்றம் உண்டு. பட்டிமன்றம் என்றால் காப்பிய நாயகிகளில் யார் உயர்ந்தவர் என்பதுதான் தலைப்பு. ஒரு வருஷம் ஒருவர் வெல்வார், தோற்றவருக்கு அடுத்த வருஷம் மறுவாய்ப்புத் தரப்படும். ருஷ்யாக்காரர்கள் மனிதனையே வானத்துக்கு அனுப்பிவிட்டார்கள், நாம் இன்னும் இப்படியே இருந்தால் எப்படி என்று அந்த வருஷம் செயற்குழுவில் சிலர் கொதித்தார்கள். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் இந்த முறை அறிவியலில் ஒரு பட்டிமன்றம் வைத்துவிடலாம் என்றார். அறிவியலில் எதைப் பற்றி என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பட்டிமன்றத்துக்கு இரண்டு பக்கம் வேண்டும். அறிவியலில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பக்கம்தான். தண்ணீர் கொதிக்குமா கொதிக்காதா என்று மூன்று பேரை எதிர்த்துப் பேசச் சொல்ல முடியாது. எங்கள் சங்கத்தில் முடியும், ஆனால் நன்றாக இருக்காது. அப்போதுதான் பல்கலைக்கழக நூலகத்தில் ஓர் ஆராய்ச்சி இதழில் படித்த சங்கதி நினைவுக்கு வந்தது. அதைச் செயற்குழுவுக்கு எடுத்துச் சொன்னேன்.

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் புதன் ஓடுகிறது. தூரத்தில் இருக்கும் சனி நடக்கிறது. ஆப்பிள் விழுந்ததைப் பார்த்த ஆங்கிலேயர் சொன்ன விதி அதுதான்: தூரம் கூடினால் பிடி தளரும், பிடி தளர்ந்த இடத்தில் மெதுவாகத்தான் சுற்ற முடியும், மீறி ஓடினால் பிய்த்துக்கொண்டு போய்விடும். விண்மீன் மண்டலத்திலும் வெளிச்சமெல்லாம் நடுவில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே விளிம்பில் இருப்பவை நடக்க வேண்டும். ஆனால் பக்கத்து மண்டலம் ஒன்றின் ஓரத்து வாயுவை ரேடியோ அலை மூலம் அளந்து பார்த்தபோது, அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. மண்டலங்கள் கூட்டமாக இருக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொன்றும் தறிகெட்டு ஓடுகிறது, ஆனாலும் கூட்டம் கலைந்ததாகத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை எல்லாம் சேர்த்தாலும் இவற்றைப் பிடித்து வைக்கும் அளவுக்கு நிறை தேறவில்லை. ஆக, நாம் காணாத பொருள் ஏதோ அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த விதி அவ்வளவு தூரத்துக்குச் செல்லாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதில் எது உண்மை என்று தலைவர் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். செயற்குழுவின் முகம் மலர்ந்தது. யாருக்கும் தெரியாத விஷயம் என்றால் யாரும் தவறாகப் பேசிவிட முடியாது என்று பொருளாளர் சொன்னார். ‘அண்டத்தின் ஓட்டத்துக்குக் காரணம் காணாத பொருளா, கணக்கின் குறையா?’ என்ற தலைப்பு, மோனை நன்றாக அமைந்திருக்கிறது என்பதற்காகவே ஒருமனதாக ஏற்கப்பட்டது.

தலைவர் துறைமுகத்தில் பெரிய சரக்குக் கிட்டங்கி ஒன்றின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் அவர்தான் நடுவர். அவருடைய ஒரே மகள் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. குரல் வளமும் துணிச்சலும் உள்ளவள் என்பதால் காணாத பொருளின் அணிக்கு அவளைத் தலைவியாகப் போட்டார்கள். கணக்கின் குறை என் தலையில் விழுந்தது. இரண்டு அணிக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். என்னை எப்படித் தோற்கடிப்பது என்று சனிக்கிழமைதோறும் பிற்பகலில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். அடுத்த அறையில் அவளுடைய அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். அவள் அணியில் இருந்த இன்னொருவர் என் நண்பர். காரைக்கால் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம், கைலியும் அத்தரும் விற்கும் கடை. அவரும் எங்களோடு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னால், அவளைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் தனியாக உட்கார்ந்து முடிவு செய்திருந்தேன். வீட்டில் அம்மா ஒரு கெடு வைத்திருந்தாள். தை பிறப்பதற்குள் நானாக ஒரு பெண்ணைச் சொல்லவில்லை என்றால் கேலாங்கில் ஒரு பெண்ணைப் போய்ப் பார்ப்பது, பிடித்தால் தட்டு மாற்றிவிடுவது. அம்மா சொன்னால் சொன்னதுதான். ஆகவே என் திட்டம் தெளிவாக இருந்தது. ஆண்டுவிழா பள்ளி விடுமுறைக்கு முந்திய ஞாயிறு. அன்று பட்டிமன்றத்தில் வெல்வது, வென்ற சூட்டோடு சூடாகத் தலைவரிடம் பெண் கேட்பது. தோற்றவனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்?

அவளுக்கு என் மேல் விருப்பம் உண்டு என்பதற்கு என்னிடம் அறிவியல்பூர்வமான ஆதாரங்கள் இருந்தன. என்னைப் பார்த்தால் சிரிப்பாள். மாடிப்படிக் காவலாளியைப் பார்த்தும் சிரிப்பாள். இரண்டாவதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கினேன். நான் சொல்வதைக் கவனமாகக் கேட்பாள். சந்தேகம் கேட்பாள். ஒரு முறை எனக்குக் காப்பித்தூள் கொண்டுவந்து கொடுத்தாள், குளுவாங்கில் வறுத்தது.

அந்தக் குளுவாங்தான் கொஞ்சம் இடித்தது. கடல்பாலம் தாண்டி மலாயாவில், ஜோகூர் மாநிலத்தில், ரயில் பாதையில் இருக்கும் சின்ன ஊர். பள்ளி மூடிய மறுநாள் காலை அவள் தஞ்சோங் பகாரில் ரயில் ஏறிவிடுவாள். விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்திய நாள்தான் திரும்புவாள். எங்கே என்றால் அத்தை வீட்டுக்கு. எல்லா விடுமுறையும் இப்படித்தான். நான் யோசித்தேன். அத்தை மேல் பாசம். சரி. ஆனால் அந்த அத்தையை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தைப்பூசத்துக்கு வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, சிடுசிடுத்த முகம். தேங்காய்க் கடைக்காரரிடம் சண்டை, பால்குடம் எடுத்தவரிடம் சண்டை, கடைசியில் எங்கள் ஒலிபெருக்கியோடும் சண்டை. அப்படிப்பட்ட ஓர் அத்தைக்கு ஒரு பெண்ணை இவ்வளவு தூரம், இவ்வளவு வேகமாக இழுக்கும் சக்தி எப்படி இருக்க முடியும்? கண்ணுக்குத் தெரிந்த நிறை போதவில்லை.

இங்கே ஒரு சாதாரணத் தமிழன் என்ன செய்திருப்பான்? அத்தைக்குப் பையன் இருக்கிறானா என்று கேட்டிருப்பான். அத்தை மகன் என்றால் முறை மாப்பிள்ளை என்பதைத் தெரிந்துகொள்ள நம்மில் யாரும் பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை, பால் குடிக்கும் வயதிலேயே தெரிந்துவிடும். ஆனால் நான் இயற்பியல் படித்தவன். நான் விதியைத் திருத்தினேன். பக்கத்தில் இருக்கும் சொந்தத்தைவிடத் தூரத்தில் இருக்கும் சொந்தத்தின் மேல் இழுப்பு அதிகம், தூரம் கூடக் கூடப் பாசமும் கூடும் என்று ஒரு புதுவிதி செய்துகொண்டேன். அது குளுவாங்குக்குப் பொருந்தியது. ஈப்போவில் அவளுக்கு ஒரு சித்தி இருந்தார், குளுவாங்கைவிட எவ்வளவோ தூரம். அங்கே அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. அதற்கு இன்னொரு திருத்தம் செய்தேன்: அப்பா வழிச் சொந்தத்துக்கு மட்டும்தான் இந்த விதி.

பிறகு ஒருநாள், ஜோகூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியை வேலை கிடைக்குமா என்று அவள் பொருளாளரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற தொண்டுள்ளம் என்று எடுத்துக்கொண்டேன். மனம் நெகிழ்ந்துகூடப் போனேன். இன்னொரு சனிக்கிழமை அவள் வரவில்லை. ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள் என்றார் அவளுடைய அப்பா. யார் ஆள் என்று நான் கேட்கவில்லை. மரியாதை கருதி. அத்தர் நண்பர் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தேத்தண்ணி ஆறுது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

ஆண்டுவிழா வந்தது. மாடிக்கூடம் நிறைந்துவிட்டது. பட்டிமன்றம் முடிந்ததும் ஒரு பாடகி பாடுவதாக இருந்தது, அதற்கு முன்வரிசையில் இடம் பிடிக்க வந்த கூட்டம் அது. நான் கரும்பலகையில் ஒரு விண்மீன் மண்டலம் வரைந்தேன். பின்வரிசையில் யாரோ ஜிலேபியா என்று கேட்டார்கள்.

அத்தர் நண்பர்தான் அவர்கள் அணியில் முதலில் பேசினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க மணம் பரவியது. கண்ணுக்குத் தெரியாததை விற்றுத்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சாப்பிடுகிறது, நடுவர் ஐயா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

பிறகு அவள் எழுந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னாள். யுரேனஸ் கிரகம் ஒரு காலத்தில் கணக்குப்படி ஓடவில்லை. விதி தப்பு என்று சொல்லாமல், வெளியே இன்னொரு கிரகம் இருந்து இழுக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். சொன்ன இடத்தில் தேடினால் நெப்டியூன் இருந்தது. எதிரணித் தலைவர் செய்யும் திருத்தம் ஒரு மண்டலத்துக்குப் பொருந்தினால் இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை, அங்கே வேறொரு திருத்தம் செய்கிறார், இப்படிப் போனால் எத்தனை மண்டலமோ அத்தனை விதி என்றாள். கூடம் சிரித்தது, நானும் சிரித்தேன். கடைசியில் அவள் குரலைத் தாழ்த்தினாள். அது நான் சொல்லிக்கொடுக்காதது.

"ஒன்று நம் கண்ணில் படவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடுமா? எங்கேயோ தூரத்தில் இருந்துகொண்டு, தன் பெயரைக்கூடச் சொல்லாமல், ஒரு பொருள் நம்மை இழுத்துக்கொண்டே இருக்கலாம் அல்லவா? அதன் முகம் தெரிய வேண்டியதில்லை, நடுவர் அவர்களே. ஓடுகிறவருடைய ஓட்டத்தைப் பாருங்கள், போதும்."

முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடுவரே ஒரு தரம் கனைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தூரத்தில் இருந்து இழுப்பது நான்தானே? ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்த என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடந்தால் பத்து நிமிஷம். அதுவும் தூரம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த விதியையும் அங்கேயே, மேடையிலேயே திருத்திவிட்டேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் நான் என்றைக்கும் பேசாத பேச்சைப் பேசினேன். நெப்டியூன் கதையைச் சொன்ன சகோதரி புதன் கதையை ஏன் சொல்லவில்லை என்று தொடங்கினேன். புதனும் கணக்குப்படி ஓடவில்லை. அங்கேயும் காணாத கிரகம் ஒன்று இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்கள், பெயர்கூட வைத்தார்கள். பல காலம் தேடினார்கள். அப்படி ஒரு கிரகம் இல்லவே இல்லை. கடைசியில் விதியைத்தான் திருத்த வேண்டிவந்தது, அதற்கு ஒரு பெரிய ஜெர்மன் மூளை தேவைப்பட்டது. இருப்பதைக் கொண்டு விளக்க முடியாதவன்தான் இல்லாததைக் கூப்பிடுவான், ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு மறைந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது சோம்பேறியின் வேலை என்று முடித்தேன். மறைந்த ஆள் என்று நான் சொன்னபோது கூடத்தில் எழுந்த சத்தம் சாதாரணமானதல்ல. என் பேச்சாற்றல் என்று நினைத்தேன்.

நடுவர் எழுந்தார். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு என்று வழக்கம்போல நெடுநேரம் பேசினார். பிறகு துறைமுகத்துக்கு வந்தார். பொருள் இருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை என்று சொன்ன எத்தனையோ பேரைத் தன் கிட்டங்கியில் பார்த்திருப்பதாகச் சொன்னார். அத்தனை பேரையும் வேலையை விட்டு அனுப்பியதாகவும் சொன்னார். இருக்கிற பொருள் கண்ணில் பட்டே தீரும், ஆகவே குறை கணக்கில்தான் என்று தீர்ப்பளித்தார். அண்டம் முழுவதும் இவ்வாறு சிங்கப்பூர்த் துறைமுகத்தின் நிர்வாகத்துக்குள் வந்து சேர்ந்தது.

பொன்னாடையோடும் தூக்கோடும் நான் மேடைக்குப் பின்னால் போனேன். தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். எப்படித் தொடங்குவது என்று நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவரே என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, சங்கத்துல இன்னும் முறையா சொல்லல, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். தையில நம்ம வீட்டுக் கல்யாணம். குளுவாங்லதான். எங்க அக்கா மகன்தான் மாப்பிள்ளை. நம்ம ஆளுங்களை எல்லாம் நீங்கதான் ரயில் ஏத்திக் கூட்டிட்டு வரணும்."

"உங்க அக்காவுக்கு மகன் இருக்காரா?"

"இல்லாமயா? சின்ன வயசுலயே பேசி வச்சதுதானே. எல்லாருக்கும் தெரியுமே தம்பி."

எல்லோருக்கும் தெரிந்ததால்தான் யாரும் சொல்லவில்லை. இது நான் பிற்பாடு புரிந்துகொண்டது. முன்வரிசைப் பெண்களின் சிரிப்பும், கனைப்பும், மறைந்த ஆள் என்று நான் சொன்னபோது எழுந்த சத்தமும் ஒவ்வொன்றாக இடம் பிடித்து உட்கார்ந்தன. எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு ஆளை நடுவில் வைத்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. அன்று எனக்கு வலித்தது. இதைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. வடை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அத்தர் நண்பர் வீடுவரை கூட நடந்து வந்தார். "உங்களுக்குத் தெரியாதா லா" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

தையில் சங்கத்தாரை ரயில் ஏற்றி நான்தான் கூட்டிப்போனேன். சொன்ன வாக்கு. மாப்பிள்ளை எஸ்டேட் மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். ஆஜானுபாகு. மணவறையில் அவர் உட்கார்ந்தபோது பலகை கிறீச்சிட்டது. இவ்வளவு நிறையை நான் எப்படித் தவறவிட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்ல மனிதர் வேறு. வெறுக்கலாம் என்று போனவனுக்கு அந்த வசதியையும் அவர் தரவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து நின்று, உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள் சார், அந்த நட்சத்திர விஷயத்தை எனக்கும் ஒருநாள் சொல்லுங்கள் என்றார். பாயசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அத்தை மட்டும் பாயசத்தில் முந்திரி போதவில்லை என்று சமையல்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். மாப்பிள்ளை வேறு யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாக நின்ற அவள், எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு மேடையில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன், சார். இவ்வளவு கணக்கைத் திருத்தினீங்களே, என்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. என் மனதில் இருந்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. என்னிடம் சொல்ல அவளுக்கும் வழியில்லை. கேட்காத கேள்விக்கு ஒரு பெண் எப்படிப் பதில் சொல்வாள்? திரும்பும் ரயிலில் சங்கத்தார் சீட்டு விளையாடினார்கள், நான் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். விண்மீன் மண்டலங்களிடம் போய் உங்களை யார் இழுக்கிறார்கள் என்று கேட்க முடியாது. அவை பேசா. ஆகவே விஞ்ஞானிகள் தூரத்திலிருந்து கணக்குப் போடுகிறார்கள், விதியைத் திருத்துகிறார்கள், அவர்களை மன்னித்துவிடலாம். அவளோ சனிக்கிழமைதோறும் எனக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் அன்றைக்கே கேலாங் பெண்ணைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

மாசியில் போனோம். அங்கே ஒரு கோயிலுக்குப் பின்பக்கம், கம்பம் என்று நாங்கள் சொல்லும் பலகை வீட்டுக் குடியிருப்பில் ஒரு வீடு, தகரக் கூரை, வாசலில் ரம்புத்தான் மரம். ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப்பக்கம் நாங்கள், நடுவில் கேசரி. பெண் காப்பித் தட்டோடு வந்தாள். தலை நிமிரவில்லை. பார்த்துப் பார்த்து அடி எடுத்து வைத்து வந்து, தட்டை வைத்துவிட்டு நின்றாள். பிடித்திருக்கிறதா என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, பெண் பார்க்கப் போன இடத்தில். நான் பெண்ணோடு இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றேன். அந்தக் காலத்தில் அது கேட்கக்கூடாத கேள்வி. அம்மா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பெண்ணின் அப்பாதான், படித்த பிள்ளை, பேசட்டும் என்றார். மரத்தடியில், எல்லோர் கண்ணிலும் படும்படி, காதில் மட்டும் விழாதபடி நின்றோம்.

நான் கேட்டேன். "உங்களுக்கு வேற யார் மேலயாவது விருப்பம் இருக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தேன். பயம் தெரிந்தது. பிறகு அந்தப் பயம் மெல்ல விலகியது.

"இருக்கு" என்றாள். "இதுவரைக்கும் யாரும் கேக்கல. அதான் சொல்லல."

அவ்வளவுதான் பேசினோம். உள்ளே போய், பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் வெளிநாடு போய் மேலே படிக்கும் யோசனை இருக்கிறது, இப்போது கல்யாணம் வேண்டாம், அதைத்தான் மரத்தடியில் பெண்ணிடம் சொன்னேன் என்று சபையில் சொன்னேன். அப்படி ஒரு யோசனை எனக்கு அந்த நிமிஷம்தான் வந்தது. வந்து காப்பி குடித்துவிட்டு வேண்டாம் என்கிறவனைப் பற்றி என்னென்ன சொல்ல வேண்டுமோ அத்தனையும் அவளுடைய மாமா ஒருவர் சொன்னார், நியாயமாகவே சொன்னார். கேசரி நன்றாக இருந்தது, ஆனால் மிச்சத்தைச் சாப்பிட யாரும் வற்புறுத்தவில்லை.

அம்மா பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் மாறி சிராங்கூன் ரோட்டில் இறங்கினோம். அம்மாவின் கோபம் தணியும்வரை இன்னும் கொஞ்ச காலத்துக்கு வீட்டில் வெறும் ரசம்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். பூக்கடைகளைத் தாண்டி வீட்டுப் படி ஏறும்போது அம்மா நின்றாள்.

"யாருடா அந்தப் பையன்?"

எந்தப் பையன் என்று கேட்டேன்.

"நடிக்காத. காப்பி கொண்டு வந்தப்ப அவ நடந்த நடை வேற. உன்கிட்ட பேசிட்டு உள்ள போனாளே, அந்த நடை வேற."

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். அதற்கு மேல் கேட்காமல் அம்மா உள்ளே போய், விளக்கைப் போட்டு, பட்டிமன்றத்தில் நான் வென்ற தூக்கில் எனக்குப் பால் காய்ச்சி வைத்தாள்.